இயந்திரத்தின் காதில் நம் குழந்தைகளின் தமிழ்

பேசினால் எழுதிக்கொடுக்கும் வசதி இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் பெற்றோர்கூட மைக் படத்தைத் தொட்டுப் பேசித் தேடுகிறார்கள். நம்மில் பலர் பாடக்குறிப்பையும் கூட்டத் தீர்மானங்களையும் பேசியே தட்டச்சு செய்யப் பழகிவிட்டோம். குழந்தை உரக்க வாசிப்பதைக் கேட்டுப் பிழை சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. "இந்தக் குழந்தையின் வாசிப்பு இவ்வளவுதான்" என்று ஓர் இயந்திரம் சொல்லுமானால், அது எதைக் கேட்டு, எப்படி அந்த முடிவுக்கு வந்தது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் ஆராய்ச்சியில் பெரும்பங்கு நமக்கு அருகிலேயே, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நடக்கிறது. பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுதான். அங்கே பேராசிரியர் மிதேஷ் காப்ரா உள்ளிட்டோர் தொடங்கிய 'ஏஐ4பாரத்' என்ற ஆய்வுக்குழு இந்திய மொழிகளுக்கான பேச்சறிதல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் தொடர்ந்து இயங்கிவருகிறது. 2022 ஜூலையில் ரூ.36 கோடி நன்கொடையுடன் நீலேகணி மையம் என்ற பெயரில் அதற்குத் தனி மையமும் அமைந்தது. அதே மாதத்தில் மத்திய அரசின் 'பாஷினி' என்ற தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் அறிமுகமானது. இவற்றின் ஆய்வு முடிவுகளையும் தரவுகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

ஒலி எழுத்தாவது எப்படி?

நாம் பேசும் ஒலியை இயந்திரம் முழுச் சொல்லாகக் கேட்பதில்லை. பொதுவாக 25 மில்லி நொடி நீளமுள்ள சிறு துண்டுகளாக, ஒவ்வொரு 10 மில்லி நொடிக்கும் ஒன்றாக வெட்டி எடுத்துக்கொள்கிறது. 'அம்மா' என்று ஒரு நொடி இழுத்துச் சொன்னால் அதன் கையில் ஏறத்தாழ 100 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் ஒலியியல் பாடத்தின் நீட்சிதான் இது. பிறகு, இந்தத் துண்டு 'அ'வாக இருக்க வாய்ப்பு எவ்வளவு, 'ஆ'வாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவைப் போடுகிறது.

இதுவரை நடந்தது கேட்டல். அடுத்து நடப்பது ஊகம். காதில் விழுந்தது 'பளம்' போலவும் 'பழம்' போலவும் இருந்தால், இதற்கு முன் கோடிக்கணக்கான வாக்கியங்களில் எது அதிகம் வந்திருக்கிறது, பக்கத்தில் இருக்கும் சொற்களோடு எது பொருந்துகிறது என்று பார்த்து 'பழம்' என்று எழுதிவிடுகிறது. சத்தமான பேருந்து நிறுத்தத்தில் பேசினாலும் ஓரளவு சரியாக எழுதுவதற்கு இந்த ஊகமே காரணம். நாமும் அப்படித்தான் கேட்கிறோம். கடைசி வரிசைப் பையன் முணுமுணுத்தாலும் என்ன சொல்லியிருப்பான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா!

ஆனால் வாசிப்பைச் சோதிக்கும்போது இதே ஊகம் நம்மை ஏமாற்றக்கூடும். எங்கள் பகுதிக் குழந்தைகள் பலருக்கு ழகரம் எளிதில் வராது. 'வாழைப்பழம்' என்பது 'வாளப்பளம்' என்றோ 'வாயப்பயம்' என்றோ வரும். வகுப்பில் ஒரு குரல்வழித் தட்டச்சுச் செயலியைத் திறந்து வைத்து, குழந்தைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். 'வாளப்பளம்' என்று தெளிவாகச் சொன்ன குழந்தைக்கும் திரையில் 'வாழைப்பழம்' என்றே வந்தது. குழந்தைக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கோ, பிழையை யார் திருத்தினார்கள் என்பதே தெரியாமல் போகிறதே என்று இருந்தது. அதே குழந்தை "எங்கப்பா சைக்கிள இஸ்துகினு வந்தாரு" என்று இயல்பாகப் பேசியபோது, செயலி அதற்குத் தெரிந்த வேறு ஏதோ சொற்களைப் போட்டுக் குழப்பியது. அந்த வாக்கியத்தில் குழந்தை செய்த பிழை எதுவும் இல்லை. வீட்டில் பேசும் தமிழ் அது. ஆக, பிழையை மறைப்பதும், பிழையல்லாததைக் குலைப்பதும் ஒரே கருவியில் நடக்கிறது. உரையாடலுக்கு என்று செய்த கருவி, 'என்ன சொல்ல வந்தார்' என்பதைத் தேடுகிறது. வாசிப்புச் சோதனைக்கோ 'என்ன சொன்னார்' என்பது வேண்டும். வாசிப்புக்கென்றே தனியாக வடிவமைத்த செயலிகள் இந்தச் சிக்கலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முயல்கின்றன. ஆனாலும், நம் கையில் இருப்பது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதன் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து.

குழந்தைகளின் குரல் என்பதிலேயே வேறு ஒரு சிக்கலும் உண்டு. அவர்களின் குரல்பாதை குறுகியது, சுருதி உயர்ந்தது, நடுவே நிறுத்தி, திரும்பச் சொல்லி, எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். பெரியவர்களின் பேச்சைக் கொண்டு பழக்கிய கருவிகள் குழந்தைகளின் பேச்சில் கூடுதலாகத் தடுமாறும் என்பது உலக அளவில் ஆய்வாளர்கள் அறிந்த செய்திதான்.

தமிழை எங்கிருந்து கற்றது?

இயந்திரத்துக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பதில்லை. பேச்சையும் அதற்குரிய எழுத்தையும் இணை இணையாகக் கொடுத்து, தானே தொடர்பைக் கண்டுபிடிக்க விடுகிறார்கள். எனவே எவ்வளவு கொடுக்கிறோம், யாருடைய பேச்சைக் கொடுக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 2022இல் 'ஓப்பன் ஏஐ' நிறுவனம் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற பேச்சறிதல் கருவியை 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பழக்கினார்கள். அதில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளைக் கேட்டு அந்தந்த மொழியிலேயே எழுதுவதற்குக் கிடைத்தது, எல்லாம் சேர்த்து 1,17,000 மணி நேரம். அந்தப் பந்தியில் தமிழுக்கு எவ்வளவு பரிமாறியிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இணையத்தில் தமிழ் ஒலி இல்லாமலில்லை. ஆனால் எழுத்தோடு இணைந்து கிடைப்பவை பெரும்பாலும் செய்தி வாசிப்பு, மேடைப் பேச்சு, நூல் வாசிப்பு போன்றவை. செய்தி வாசிப்பாளரின் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவரைச் சென்னீர்குப்பம் சந்தியில் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? எழுத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது பேச்சில் 'வந்துட்டிருக்காங்க' ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் 'வந்துக்கிட்டு இருக்காவ'. எங்கள் பக்கம் 'வந்துகினு கீறாங்க'. எழுத்தைப் பார்த்தால் தூரத்து உறவுபோல் தோன்றும் இவை எல்லாம் ஒரே சொல் என்று இயந்திரத்துக்கு யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. குழு இதற்கு இரண்டு வழிகளில் முயன்றது. முதலாவது வழி ஆசிரியர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. மொழி கற்றலில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று வரிசை சொல்கிறோம். குழந்தை எழுத்தறிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்கத் தொடங்கிவிடுகிறது. அதுபோல, எழுத்து வடிவம் இல்லாத வெறும் ஒலியை முதலில் நிறையக் கேட்கவைத்து, அம்மொழிகளின் ஒலியமைப்பைப் பழக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் எழுத்தோடு கூடிய ஒலியைக் கொடுத்தார்கள். 2021இல் இப்படி 40 இந்திய மொழிகளில் 17,000 மணி நேர ஒலியைக் கேட்கவைத்து ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். குறைவான எழுத்துத் தரவு உள்ள மொழிகளுக்கு இது பெரிய உதவி.

இரண்டாவது வழி கடினமானது, ஆட்களை நேரில் தேடிப் போவது. 'இண்டிக்வாய்சஸ்' என்ற பெயரில் 2024இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல்கள் உள்ளன. 22 மொழிகள், மொத்தம் 7,348 மணி நேரம். இரவு பகல் பாராமல் உட்கார்ந்து கேட்டாலும் 306 நாள் ஆகும். இதில் எனக்குப் பிடித்தது வேறொரு கணக்கு. எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாசித்தது 9 விழுக்காடு மட்டுமே. 74 விழுக்காடு, தயாரிப்பில்லாமல் தாமாகப் பேசியது. மீதி 17 விழுக்காடு இருவர் உரையாடியது. அதாவது, மக்கள் வாசிப்பதை விட்டு, பேசுவதைச் சேகரித்திருக்கிறார்கள்.

பேச்சைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதை ஒரு மனிதர் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுதப் பல மணி நேரம் பிடிக்கும். அந்தத் தொகுப்பு வெளியானபோது 1,639 மணி நேரப் பேச்சுதான் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. எழுதுபவருக்கு நம் மொழியில் தனியாக ஒரு தலைவலியும் உண்டு. 'வந்துகினு' என்று கேட்டதை அப்படியே எழுதுவதா, 'வந்துகொண்டு' என்று திருத்தி எழுதுவதா? அப்படியே எழுதினால் இயந்திரம் பேச்சைக் கற்கும், ஆனால் எழுதிக்கொடுக்கும் கடிதம் கடிதம்போல் இராது. திருத்தி எழுதினால் கடிதம் நன்றாக இருக்கும், பேசியவரின் சொல் காணாமல் போகும். தேர்வுத்தாளில் பேச்சு வழக்கை வட்டமிடும் நமக்கு இது தெரிந்த இழுபறிதான்.

பிழை விழுக்காடு சொல்லாத செய்தி

இக்கருவிகள் குறித்த செய்திகளில் 'சொற்பிழை விகிதம்' என்று ஓர் எண் வரும். மாறிய சொற்கள், விடுபட்ட சொற்கள், கூடுதலாக நுழைந்த சொற்கள் மூன்றையும் கூட்டி, மூல வாக்கியத்தின் சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். ஒட்டுகள் சேர்ந்து நீளும் தமிழுக்கு இதை வைத்துப் பார்த்தால் விசித்திரமான விடைகள் வரும்.

"நாளைக்குப் பள்ளிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வரவேண்டும்." இதில் ஐந்து சொற்கள். இயந்திரம் "நாளைக்கு பள்ளிக்கு அம்மாவை அழைத்துக் கொண்டு வரவேண்டும்" என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். 'ப்' விட்டுப்போனது ஒரு பிழை. 'அழைத்துக்கொண்டு' இரண்டாகப் பிரிந்ததால் ஒரு சொல் மாறியது, ஒரு சொல் கூடியது. மொத்தம் 3 பிழைகள். விகிதம் 60 விழுக்காடு! படிக்கும் பெற்றோருக்கோ எந்தக் குழப்பமும் இல்லை. மறுநாள் அம்மா வந்துவிடுவார்.

இப்போது இன்னொன்று. "காய்ச்சல் இருந்தால் மாத்திரையை இன்று கொடுக்க வேண்டாம்." குடற்புழு நீக்க மாத்திரை வழங்கும் நாள்களில் நாம் எல்லாரும் சொல்வதுதான். இதில் 'வேண்டாம்' என்பது 'வேண்டும்' என்று மாறினால் ஆறு சொற்களில் ஒன்று பிழை. விகிதம் ஏறத்தாழ 17 விழுக்காடு மட்டுமே. எண்ணைப் பார்த்தால் இரண்டாவது வாக்கியம் மிகச் சிறப்பு. விளைவைப் பார்த்தால் எது பயங்கரம் என்று சொல்லத் தேவையில்லை. 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுக்கும் ஒலியில் சிறு வேறுபாடுதான். இரண்டும் அதே இடத்தில் பொருந்தவும் செய்யும். எனவே ஊகமும் அங்கே உதவிக்கு வராது. 'முடியும்', 'முடியாது' போன்ற இணைகளையும், எண்களையும், நாள்களையும், மருந்துப் பெயர்களையும் நாமே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் சரி.

மொழிபெயர்ப்பில் நீ, நீங்கள்

எங்கள் பகுதியில் திருமழிசை, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் வேலை செய்ய வந்த குடும்பங்களின் குழந்தைகள் படிக்கிறார்கள். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பெற்றோர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரச் சொல்வதற்கே முன்பெல்லாம் அந்தக் குழந்தைகளையே மொழிபெயர்ப்பாளர் ஆக்க வேண்டியிருந்தது. தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கும் குழந்தை எப்படி மொழிபெயர்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை! இங்கே இயந்திர மொழிபெயர்ப்பு உண்மையிலேயே கைகொடுக்கிறது.

ஒரே பொருளுள்ள வாக்கியங்களை இரு மொழிகளில் இணையாகத் திரட்டிக் கொடுத்து மொழிபெயர்ப்பைக் கற்பிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. குழுவின் 'சமானந்தர்' தொகுப்பில் (2021) ஆங்கிலத்துக்கும் 11 இந்திய மொழிகளுக்கும் இடையே ஏறக்குறைய 5 கோடி வாக்கிய இணைகள் இருந்தன. 2023இல் வந்த 'இண்டிக்டிரான்ஸ்2' அட்டவணை மொழிகள் 22ஐயும் உள்ளடக்கியது. அதற்கான தொகுப்பில் இணைகளின் எண்ணிக்கை 23 கோடியை எட்டியது. இந்த இணைகளில் பெரும்பாலானவற்றின் ஒரு பக்கம் ஆங்கிலம் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழிலிருந்து ஒடியாவுக்குப் போகும் வாக்கியம் சில கருவிகளில் ஆங்கிலத்தில் இறங்கி, வண்டி மாறித்தான் போகிறது. இறங்கும் இடத்தில் சில மூட்டைகள் தவறிவிடும். 'நீ', 'நீங்கள்' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல். 'நாம்', 'நாங்கள்' இரண்டும் அப்படியே. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெற்றோருக்கு நாம் கொடுத்த உறுதி, "நாம் பார்த்துக்கொள்வோம்" என்று பொறுப்பில் பாதியை அவர் தலையில் வைத்ததாக மாறிவிடலாம். மரியாதையோடு அழைத்த தந்தை ஒருமையில் அழைக்கப்பட்டதாக நினைக்கலாம். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வந்த மொழிபெயர்ப்பை மீண்டும் தமிழுக்குத் திருப்பிப் பார்க்கலாம். எல்லாப் பிழையும் அகப்படாது. பொருள் தலைகீழான பிழை பெரும்பாலும் அகப்பட்டுவிடும். சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பிரித்துச் சொன்னால் பிழையே குறையும். "இதனால் சகலமானவர்களுக்கும்" பாணிச் சுற்றறிக்கைத் தமிழை எந்த இயந்திரமும் தாங்காது.

எழுத்து ஒலியாகும்போது

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. எழுதியதை வாசித்துக்காட்டும் மென்பொருள். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருப்பதை நாம் அறிவோம். கணினித் திரையில் இருப்பதைக் கேட்டே படிக்க வேண்டிய மாணவருக்கு இந்த மென்பொருள்தான் பாடநூல். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகப் பணியாற்றிய ஹேமா மூர்த்தி பல கல்வி நிறுவனங்களை ஒருங்கிணைத்து இந்திய மொழிகளுக்கான வாசிப்புக் குரல்களை உருவாக்கும் பணியை நீண்ட காலம் வழிநடத்தியவர்.

தமிழ் எழுத்தைக் கண்டதும் வாசித்துவிடலாம், ஆங்கிலம்போல் தொல்லை இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். இயந்திரத்தைக் கேட்டால் வேறு கதை சொல்லும். 'கல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இதற்காவது விதி இருக்கிறது. 'காந்தி', 'கணேசன்' என்று வரும்போது அந்த விதியும் உடைகிறது. 'பாவம்' என்ற சொல் இரக்கத்தைக் குறிக்கும்போது ஒரு மாதிரியும், நடனத்தில் முகக்குறிப்பைக் குறிக்கும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும். சூழலைப் பார்த்தே வாசிக்க வேண்டும். வகுப்பில் இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, "இயந்திரத்துக்கு ஒரு விதி சொல்லிக்கொடுங்கள் பார்ப்போம்" என்று கேட்டால், வல்லின எழுத்துகளின் ஒலி மாற்றத்தைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஏற்ற செயல்பாடு ஒன்று. கணினி வேண்டாம். பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி பெற்று, அவர் பழைய நாளைப் பற்றிப் பேசுவதை ஒரு நிமிடம் பதிவு செய்து வரலாம். வகுப்பில் இருவர் தனித்தனியே கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, ஒருவருடையதை மூலமாகக் கொண்டு மற்றவரின் சொற்பிழை விகிதத்தைக் கணக்கிடலாம். சதவீதக் கணக்கு அங்கேயே வந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஒரே பாட்டியின் பேச்சை எழுதிய இரண்டு மாணவிகளுக்கு இடையே மூன்றில் ஒரு பங்கு சொற்கள் வேறுபட்டன. ஒருத்தி 'குந்தினு' என்றே எழுதினாள். மற்றவள் 'உட்கார்ந்துகொண்டு' என்று மாற்றியிருந்தாள். "பாட்டி அப்படிச் சொல்லவே இல்லையே" என்று முதலாமவள் கேட்டதும் வகுப்பே இரண்டு கட்சியானது. அன்று பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

குழந்தைகளின் குரலைப் பதிவு செய்து எந்தச் செயலியிலும் ஏற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரலும் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவல்தான். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. மேலே சொன்ன செயல்பாட்டில் பதிவுகள் ஆசிரியரின் கைபேசியைத் தாண்டிப் போவதில்லை. கணக்கு முடிந்ததும் அழித்துவிடுகிறோம். எழுதிய தாள்களை மட்டும் வைத்திருக்கிறோம். அவற்றிலிருந்து எங்கள் பக்கத்துச் சொற்களை ஒரு நோட்டில் தொகுத்துவருகிறார்கள் மாணவர்கள். நாஷ்டா, பேஜார், டப்பு, குந்து என்று இதுவரை ஏறத்தாழ நூறு சொற்கள் சேர்ந்திருக்கின்றன.